கரண்ட் கார்டில் மாமனார் பெயர். மாடியில் சோலார் போட்டால் மானியம் வருமா?

கேள்வி:

சார், எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம். கணவர் தம்மாமில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமியார், இரண்டு பிள்ளைகள். கோடையில் ஏசி ஓடுவதால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் வரை போகிறது. மற்ற நாட்களில் 500-ஐ ஒட்டி வரும். என் தம்பி அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் இருக்கிறான். வீட்டுக்கு ஹீட் பம்ப் வைத்ததற்கு மின் கம்பெனியே நல்ல தொகையைத் திருப்பிக் கொடுத்தது என்கிறான். நமக்கு அப்படி ஏதாவது உண்டா? சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரிடம் விலை கேட்டேன். 3 கிலோவாட்டுக்கு ஒருவர் 1,95,000 சொல்கிறார். இன்னொருவர் 1,35,000-க்கே மாட்டி, மானியமும் வாங்கித் தருகிறேன் என்கிறார். கரண்ட் கார்டு மாமனார் பெயரில் இருக்கிறது. அவர்கள் மவுத்தாகி மூன்று வருடம் ஆகிறது. கணவருக்கு இரண்டு சகோதரிகள், ஒரு தம்பி. வீட்டு முன்பக்கம் சின்னதாக ஒரு கடை, அதற்குத் தனி மீட்டர். கொழுந்தன் தன் கைக்காசில் இரண்டு பேனலும் ஒரு பேட்டரியும் ஏற்கெனவே மாடியில் வைத்திருக்கிறார். என் கையில் ஒரு லட்சம் இருக்கிறது. மானியம் கிடைக்குமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கிடைக்கும். ஆனால் இன்றைக்கு இருக்கிற நிலையில் நீங்கள் பேனலை மாட்டிவிட்டால் கிடைப்பது கஷ்டம். உங்கள் கடிதத்தில் மாமனார் பெயரைப் பற்றிய வரி விலைகளுக்குப் பின்னால் ஓரமாக வருகிறது. நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அதற்கு முன்னால் தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். அங்கே வீட்டைச் சூடாக்க எண்ணெயோ கேஸோ எரிக்கிற பாய்லர்தான் பழைய வழக்கம். ஹீட் பம்ப் என்பது வேறொன்றும் இல்லை, நம் ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. குளிர்காலத்தில் வெளியே இருக்கிற வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளும், வெயில்காலத்தில் உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். மக்கள் எண்ணெயை விட்டு இதற்கு மாற வேண்டும் என்பதற்காக பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மின், எரிவாயுக் கம்பெனிகள் சேர்ந்து 'மாஸ் சேவ்' என்ற பெயரில் பணம் திருப்பித் தருகின்றன. அந்தப் பணமும் வானத்திலிருந்து விழுவதில்லை. எல்லா வாடிக்கையாளர் பில்லிலும் சேரும் ஒரு சிறு கட்டணத்திலிருந்து வருவதுதான். தம்பியிடம் விசாரித்துப் பாருங்கள்: வீட்டை வந்து பார்த்தார்களா, பட்டியலில் இருக்கிற ஆளை வைத்துத்தான் மாட்டினானா, பட்டியலில் இருக்கிற மெஷினைத்தான் வாங்கினானா என்று. மூன்றுக்கும் ஆமாம் என்பான். இங்கே நம் மின்வாரியம் வீட்டு ஹீட் பம்புக்குப் பணம் தருவதில்லை. பெரியபட்டினத்தில் வீட்டைச் சூடாக்க யாருக்கும் அவசியமும் இல்லை, அதைச் சூரியன் இனாமாகவே செய்துகொடுக்கிறது. நமக்கு இருப்பது மாடி சோலாருக்கான மத்திய அரசு மானியம். விதிகளின் சுபாவம் மட்டும் பாஸ்டனில் இருப்பதேதான்: பட்டியலில் உள்ள ஆள், பட்டியலில் உள்ள பொருள், சரியான வரிசை. மாட்டிவிட்டு அப்புறம் கேட்பவருக்குப் பெரும்பாலும் கையை விரிப்பார்கள்.

திட்டத்தின் பெயர் பிஎம் சூர்யா கர். 2024 பிப்ரவரியில் வந்தது, 2026-27 நிதியாண்டு வரைக்கும். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய் வீதம் 60,000. மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் நீங்கள் 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000-தான். வீட்டு உபயோக மின் இணைப்பு இருக்க வேண்டும், பேனல் வைக்கத் தோதான கூரை இருக்க வேண்டும், அந்த வீட்டுக்கு இதற்கு முன் சோலார் மானியம் வாங்கியிருக்கக் கூடாது. இவ்வளவுதான் தகுதி. வருமான வரம்பு கிடையாது. படித்தால் எல்லோருக்கும் கிடைக்கிற மாதிரி இருக்கும். நடைமுறையில் மாட்டிக்கொள்கிற இடம் வேறு.

நான் மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். அப்புறமும் இந்தக் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை மாடி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். மானியம் நின்றுபோன வீடுகளில் நான் பார்த்த முதல் காரணம் பேனல் இல்லை, பெயர். தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டில் எல்லாம் அழகாக மாட்டி, மீட்டரும் மாற்றி, கரண்டும் வந்துகொண்டிருந்தது. பணம் மட்டும் வரவில்லை. கார்டில் தாத்தா பெயர், வங்கிக் கணக்கு பேரன் பெயர். தாத்தா போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. திட்டத்தின் தேசிய இணையத் தளத்தில் விண்ணப்பம் போவது மின் இணைப்பு எண்ணை வைத்து. அந்த எண்ணில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பயனாளி. பணம் அவர் கணக்குக்குத்தான் போகும். இறந்தவர் பெயரில் ஓடிபி வாங்கி, கையெழுத்துப் போட்டு, கணக்கில் பணம் வாங்க முடியுமா? யாராவது ஏஜென்ட் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எனவே முதல் வேலை பெயர் மாற்றம். உங்கள் மாமனாரின் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கிற வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம். இவற்றை வைத்து மின்வாரியத் தளத்திலோ உங்கள் செக்‌ஷன் ஆபீசிலோ விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் இன்றைக்கே போட்டுவிடுங்கள். அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

சம்மதம் என்றதும் வீட்டில் ஒரு சங்கடம் கிளம்பும், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாத்தனார்கள் இருவரும் மாமனார் சொத்தில் பங்குள்ளவர்கள். "கரண்ட் கார்டை மாத்துறேன்னு சொல்லி வீட்டையே மாத்திக்கப் பார்க்கிறாங்களோ" என்ற பயம் அவர்களுக்கு வந்தால் அதில் தப்பில்லை. கார்டில் பெயர் மாறுவது பில் கட்டுகிறவர் யார் என்பதற்கு மட்டும்தான். அதனால் வீடு கைமாறாது, யாருடைய பங்கும் குறையாது. பட்டாவும் பத்திரமும் அப்படியே இருக்கும். உட்கார வைத்து, டீயைக் கொடுத்து, இதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள். கொழுந்தனுக்கும் அதே பேச்சு. உங்கள் கணவர் ஊரில் இல்லாததால் அவருடைய சம்மதத்தை எந்த வடிவில் ஏற்றுக்கொள்வார்கள் என்பதை செக்‌ஷனில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். லீவு எப்போது என்று பார்த்து அதற்குள் மற்ற தாள்களைத் தயார் செய்துவிட்டால் ஒரே வாரத்தில் அவர் வேலை முடியும்.

யார் பெயருக்கு மாற்றுவது? கடன் வாங்கிப் போடுவதாக இருந்தால் கணவர் பெயர் என்பேன், வங்கி வருமானத்தைப் பார்க்கும். ஆனால் கீழே நான் சொல்லப்போகிற கணக்குப்படி உங்களுக்குக் கடன் தேவைப்படாது. அப்படியானால் மாமியார் பெயர் நல்லது. ஊரிலேயே இருக்கிறார், கைபேசிக்கு ஓடிபி வரும், கையெழுத்துக்கு தம்மாமுக்குப் போன் போட வேண்டியதில்லை, நாத்தனார்களும் உம்மா பெயர் என்றால் மறுக்க மாட்டார்கள்.

ஒன்றே ஒன்று. மாமியாரின் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். நம் பக்கத்தில் ஒரே அம்மாவுக்கு ஆதாரில் பீவி, வங்கியில் பீபி, ரேஷன் கார்டில் பேகம் என்று மூன்று பெயர் இருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இருக்கவே இருக்காது. பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்கும்போதே வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி கார்டில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் திருத்த அலைவதைவிட இது எவ்வளவோ மேல். கணக்கு நீண்ட நாளாக வரவு செலவு இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தால் கேஒய்சி கொடுத்து எழுப்பியும் விடுங்கள்.

இன்னொன்றும் அதே போக்கில் பார்க்கலாம். மாமனார் இணைப்பு வாங்கிய காலத்தில் இரண்டு டியூப் லைட்டும் ஒரு ஃபேனும் இருந்திருக்கும், அனுமதிக்கப்பட்ட லோடு ஒரு கிலோவாட் என்று எழுதியிருப்பார்கள். இப்போது ஏசியும் மோட்டாரும் ஓடுகின்றன. 2024-ல் திருத்திய மத்திய விதிப்படி 10 கிலோவாட் வரையிலான மாடி சோலாருக்குச் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும், தேவையான லோடு உயர்வையும் மின் நிறுவனமே செய்துகொடுக்க வேண்டும். இருந்தாலும் செக்‌ஷனுக்குப் போகிற அன்றே கார்டில் லோடு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

சரி, இப்போது அந்த 1,35,000 ரூபாய்க்காரர்.

இந்தத் திட்டத்தில் மானியம் வேண்டுமென்றால் பேனல் மட்டுமல்ல, பேனலுக்குள் இருக்கிற செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் டிசிஆர் பேனல் என்பார்கள். வெளிநாட்டுச் செல்லை இங்கே கொண்டுவந்து கோத்த பேனலிலும் 'மேட் இன் இந்தியா' என்று ஒட்டியிருக்கும், அது டிசிஆர் ஆகாது. அதன் விலை குறைவு, கரண்டும் நன்றாகவே தரும். ஆனால் அதற்கு மானியம் கிடையாது. 60,000 ரூபாய் வித்தியாசம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. கணக்குப் பாருங்கள்: 1,95,000-ல் 78,000 திரும்பி வந்தால் உங்கள் கையிலிருந்து போவது 1,17,000. மானியம் வராத 1,35,000 அதைவிட 18,000 ரூபாய் கூடுதல். மலிவாகத் தெரிந்ததுதான் விலை அதிகம்.

"மானியமும் வாங்கித் தருகிறேன்" என்கிறாரே? அவரிடம் மூன்று கேளுங்கள். தேசியத் தளத்தில் தமிழ்நாட்டுக்குப் பதிவான நிறுவனமா, தளத்தில் எந்தப் பெயரில் இருக்கிறது? பேனல் கம்பெனியின் டிசிஆர் சான்று, சீரியல் எண்களோடு, பில்லுடன் தருவாரா? ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா? பதிவான நிறுவனம் ஐந்து வருடம் பராமரித்துக் கொடுக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அவர் செய்கிற சலுகை இல்லை. 1,95,000-க்காரரிடமும் இதே மூன்றையும் கேளுங்கள், விலை அதிகம் சொல்வதாலேயே ஒருவர் நல்லவராகிவிட மாட்டார். தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. "ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஐயாயிரம்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாமியார் போனுக்கு வருகிற ஓடிபியைப் போனிலேயே படித்துக் காட்டவும் வேண்டாம்.

மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். பணம் வருவது உங்கள் கணக்குக்கு, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. ஆகவே முழுத் தொகையைக் கொடுத்து முழுத் தொகைக்கும் பில் வாங்குவதே முறை.

இனி அளவு. இதில்தான் நான் உங்களோடும் கடைக்காரரோடும் முரண்படுகிறேன். உங்களுக்கு 3 கிலோவாட் வேண்டாம், 2 போதும்.

மாதம் 300 யூனிட்டுக்கு மேல் போகிறவர்களுக்கு 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்று திட்டத்தின் பொதுவான பரிந்துரை இருக்கிறது. கோடையில் உங்களுக்கு 360 போகிறது என்பதால் கடைக்காரர் 3 என்றிருப்பார். அது நாடு முழுவதற்குமான கணக்கு. நம் தமிழ்நாட்டில் இரண்டு மாத பில், முதல் நூறு இலவசம், மேலே ஏற ஏற விலை ஏறும் படிக்கட்டு. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி நீங்கள் கட்டுவதைப் பார்ப்போம். 720 யூனிட்டுக்கு நூறு இலவசம் போக, அடுத்த 300-க்கு 4.70 வீதம் 1,410. அடுத்த நூறுக்கு 6.30 வீதம் 630. அடுத்த நூறுக்கு 8.40 வீதம் 840. மீதி 120-க்கு 9.45 வீதம் 1,134. மொத்தம் 4,014 ரூபாய்.

நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட் தரும். 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 480. 720-ல் 480 போனால் மின்வாரியத்திடம் நீங்கள் நிகரமாக வாங்குவது 240 யூனிட். 500-க்குள் வந்துவிட்டதால் இரண்டாவது நூறும் சலுகை விலைக்கு, 2.35-க்கு வந்துவிடும். நூறு இலவசம், அடுத்த நூறு 235 ரூபாய், மீதி 40-க்கு 188. மொத்தம் 423 ரூபாய். சோலாருக்கென்று பில்லில் தனியாக வரக்கூடிய கட்டணங்களை நான் இதில் சேர்க்கவில்லை, அதை செக்‌ஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாயிரமாக இருந்தது நானூற்றுச் சொச்சமாகிவிட்டது. பேனல் வெட்டியது மேலே இருந்த விலை அதிகமான யூனிட்டுகளை. மூன்றாவது கிலோவாட் போட்டால் அது வெட்டப்போவது இந்த மிச்ச 423-ஐ மட்டும்தான், அதுவும் கோடையில். மற்ற மாதங்களில் 500-ல் 480 போனால் 20 யூனிட். அது இலவச நூறுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கிற கரண்டைத் தயாரிக்க, மானியம் போகவும் முப்பது நாற்பதாயிரம் போட்டு இன்னொரு கிலோவாட் வாங்க வேண்டுமா? இரண்டாவது ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறது என்றால் மட்டும் பேச்சு வேறு.

பணத்துக்கும் இதுதான் தோது. 2 கிலோவாட்டுக்குத் தனியாக விலை எழுதி வாங்குங்கள். 1,40,000 என்று வைத்துக்கொண்டால், 60,000 திரும்பி வந்தபின் உங்கள் செலவு 80,000. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. இடையில் குறைகிற நாற்பதாயிரத்துக்குத் தம்பியிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு, மானியம் வந்ததும் திருப்பிவிடலாம். வங்கிக் கடனும் உண்டு, 3 கிலோவாட் வரை ஈடு இல்லாமல், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி விகிதத்தை ஒட்டிய குறைந்த வட்டியில். நாற்பதாயிரத்துக்காக அந்தப் படியேற வேண்டாம் என்பது என் எண்ணம்.

கடை மீட்டர் இதில் சேராது. அது வணிக இணைப்பு, மானியம் வீட்டு இணைப்புக்குத்தான். அதனால் உங்கள் வீட்டு விண்ணப்பத்துக்குப் பாதகம் ஒன்றும் இல்லை. ஆனால் மாடியில் சோலார் வந்த தெம்பில் வீட்டு லைனிலிருந்து கடைக்கு ஒரு ஒயர் இழுத்துவிடாதீர்கள். மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் அதற்கு இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள். நானே போட்டிருக்கிறேன், வருத்தத்தோடுதான்.

கொழுந்தன் வைத்த இரண்டு பேனலும் கைக்காசு என்கிறீர்கள். மானியம் வாங்காத வரை அது தடையில்லை. மாமனார் காலத்தில் யாராவது அரசு மானியத்தில் சோலார் போட்டார்களா என்று மட்டும் மாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசும் 2013 வாக்கில் வீட்டுச் சோலாருக்குக் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது, மறந்திருப்பார்கள்.

அந்த இரண்டு பேனலையும் கழற்றவும் வேண்டாம். பலருக்குத் தெரியாத விஷயம்: மானியத்தில் வரும் சோலார் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது. லைனில் கரண்ட் போனால், உச்சி வெயில் அடித்தாலும், இதுவும் நின்றுவிடும். கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கம்பம் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கை வைக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போய் அவரை அடிக்கக் கூடாது. கார்த்திகையில் புயல் சின்னம் உருவாகி இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது உங்களுக்கு லைட்டும் ஃபேனும் தரப்போவது கொழுந்தனின் பேட்டரிதான். அதைத் தனி ஒயரிங்காகவே விட்டுவிடுங்கள், புதியதோடு கலக்க வேண்டாம்.

மாட்டுகிற வேலையைப் பற்றிக் கொஞ்சம். வெயிலுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்கா 2016-லிருந்து ஓடுகிறது. ஆனால் கமுதி உள்நாடு. உங்கள் மாடியில் நின்றால் உதட்டில் உப்புக் கரிக்கும். என் சொந்த வீட்டில் முதலில் சோலார் போட்டவர் சாதாரண போல்ட்டைப் போட்டுவிட்டுப் போனார். இரண்டு ஆடி கழிந்தது, ஸ்பேனர் வைத்தால் தலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. ஆகவே தாங்கு சட்டம் காய்ச்சி உருக்கிய துத்தநாகத்தில் முழுக்கி எடுத்ததாக இருக்கட்டும், ஹாட் டிப் என்று கேளுங்கள். அறுத்து ஒட்டவைத்த இடங்களில் சும்மா வெள்ளிப் பெயின்ட் அடித்து மறைப்பார்கள், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். போல்ட், நட்டு எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. 304 என்று கொடுப்பார்கள், அது மதுரைக்குப் போதும். பேனலுக்கு உப்புப்பனிச் சோதனைச் சான்று, ஐஇசி 61701, உண்டா என்று கேளுங்கள். இவை எல்லாவற்றையும் விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள்.

உங்கள் வீட்டுக் கூரை எத்தனை வருடத்தது என்று எழுதவில்லை. கடலோரத்தில் பழைய கான்கிரீட் என்றால் உள்ளே கம்பி துருவேறிப் புடைத்து, கீழே சீலிங் பெயர்ந்திருக்கும். அப்படி ஒரு தளத்தில் துளை போட்டு ஆங்கர் அடித்தால் அடுத்த மழைக்கு ஒழுகும். துளை போடாமல் கான்கிரீட் கட்டைகளை வார்த்து அதன்மேல் சட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள், கனத்தைக் காற்றுக்குக் கணக்குப் போட்டு. பேனலைப் பந்தல் மாதிரி உயரத் தூக்கிக் கட்டி அடியில் துணி காயப்போட வேண்டும் என்று பலருக்கு ஆசை. கச்சான் காற்றில் அது பாய்மரம். தாழ்வாக, தெற்குப் பார்த்து, பத்து டிகிரி சாய்வு போதும். 2 கிலோவாட்டுக்கு 200 சதுர அடி ஒதுக்கினால் போதும். தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசை மொத்தமும் தளரும், காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை நிழல் எங்கே நகர்கிறது என்று ஒருநாள் பார்த்துவையுங்கள். இன்வெர்ட்டரை மொட்டை மாடியில் வைக்க விடாதீர்கள், படிக்கட்டுக்குள் காற்றோட்டமாக வைக்கலாம்.

கழுவுவதற்குப் போர்த் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் வெள்ளைப் படலம் பிடித்துவிடும். காவிரித் தண்ணீர் குடிப்பதற்கே முறை வைத்து வருகிற ஊரில் அதைப் பேனலுக்கு ஊற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் அது நல்லது. இல்லாவிட்டால் ஒரு வாளி நல்ல தண்ணீரில் மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, வெயில் ஏறுவதற்கு முன் துடைத்தால் போதும்.

பெயர் மாறிய கார்டு கைக்கு வந்தபின் வரிசை இப்படிப் போகும். மாமியார் பெயரில் தேசியத் தளத்தில் பதிவு, விண்ணப்பம். பதிவான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம். மாட்டி முடித்ததும் பேனல் விவரங்களைத் தளத்தில் ஏற்றி, இரு திசையும் கணக்கெடுக்கிற நெட் மீட்டருக்கு விண்ணப்பம். மின்வாரியம் வந்து பார்த்து மீட்டர் வைத்தபின் இயக்கச் சான்று தளத்தில் வரும். அப்புறம் வங்கி விவரமும் ரத்து செய்த காசோலையும். அதிலிருந்து 30 நாளுக்குள் பணம் வரும் என்பது திட்டத்தின் வாக்கு. நிறுவனத்துக்குக் கடைசித் தவணையாகப் பத்தில் ஒரு பங்கையாவது நெட் மீட்டர் வைக்கும்வரை நிறுத்திவைக்கிற மாதிரி ஒப்பந்தம் போடுங்கள். பேனலை மாட்டிவிட்டு மீட்டருக்கு அலையாமல் போகிறவர்களை அந்தப் பத்தில் ஒன்றுதான் திரும்பக் கூட்டிவரும்.

1,35,000-க்காரர் முன்பணம் கேட்டு அவசரப்படுத்தினால், கார்டில் பெயர் மாறட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவையுங்கள். நீங்கள் இந்த வாரம் இ-சேவை மையத்துக்குப் போகும்போது மாமனாரின் இறப்புச் சான்று, வாரிசுகள் எல்லோருடைய ஆதார் நகல், குடும்ப அட்டை, மாமியாரின் வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.